குழந்தையோடு வருகிறவளுக்கும் ஓர் அறை: நாவல் முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாவல் முகாம் நடத்தும் இலக்கிய அமைப்பின் பொறுப்பாளர்களுக்கு,

இந்த ஆண்டு முகாமுக்கான உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். மலையடிவாரத்தில் 21 நாள் தங்கி எழுதலாம்; தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கைப்பிரதியை உடன் உட்கார்ந்து படித்துச் சொல்ல இரண்டு மூத்த எழுத்தாளர்கள். முதல் நாவல் எழுதுகிறவர்களுக்குத் தமிழில் இப்படி ஓர் ஏற்பாடு கிடைப்பது அரிது. அதனால்தான் அதில் யாரைச் சேர்க்கிறீர்கள், யாரை விடுகிறீர்கள் என்பதைப் பார்த்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அறிவிப்பின் கீழே விதிகள் இருக்கின்றன. வயது 35க்குள் இருக்க வேண்டும். 21 நாளும் முகாமை விட்டு வெளியே போகக் கூடாது, யாரும் வந்து பார்க்கவும் கூடாது. குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கடைசியாக ஒரு வரி: "குடும்பப் பொறுப்புகளிலிருந்து முழுமையாக விடுபட்டு வரக்கூடியவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்."

போன ஆண்டு நான் விண்ணப்பித்தேன். அனுப்பிய மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டு என்னைத் தேர்வு செய்ததாகச் சொன்னீர்கள். அப்போது என் மகனுக்கு மூன்று வயது ஆகவில்லை. ராத்திரி என் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவான். முகாமுக்குப் பக்கத்து ஊரில் ஒரு அறை எடுத்து என் தங்கை அவனோடு தங்கிக்கொள்வாள், பகல் முழுக்க நான் முகாமில் இருப்பேன், இரவு மட்டும் அங்கே போய்ப் படுத்துவிட்டு விடிகாலையில் வந்துவிடுகிறேன், செலவெல்லாம் என்னுடையது என்று எழுதிக் கேட்டேன். விதியைத் தளர்த்த முடியாது என்று பதில் வந்தது. அது பரவாயில்லை, விதி என்று ஒன்று இருந்தால் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கூடவே, "எழுத்தை முதன்மையாக நினைப்பவர்களுக்கான இடம் இது. உங்கள் சூழ்நிலை மாறியதும் வாருங்கள்" என்றும் எழுதியிருந்தீர்கள். என் இடம் பட்டியலில் அடுத்து இருந்தவருக்குப் போனது. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நன்றாக எழுதுகிறவர். என் மறுப்பு அந்த இரண்டு வாக்கியங்கள் மேல்தான்.

சூழ்நிலை எப்போது மாறும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு 34 வயது. மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கும்போது உங்கள் வயது வரம்பைத் தாண்டியிருப்பேன். அவன் தனியாகத் தூங்கப் பழகும் காலத்தில் மாமியாருக்கு இப்போது இருப்பதைவிட அதிகக் கவனிப்பு தேவைப்படும். நம் ஊரில் ஒரு பெண் இருபத்தைந்து வயதை ஒட்டிக் கல்யாணம் ஆகி, முப்பதுக்குள் குழந்தை பெற்று, நாற்பதில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளத் தொடங்குகிறாள். இடையில் ஓய்ந்த காலம் என்று ஒன்று கிடையாது. 35 வயது வரம்பும் குழந்தைக்குத் தடையும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண விதிகள். சேர்த்து வைத்தால், பிள்ளை பெற்ற பெண்ணில் பெரும்பாலோருக்கு உங்கள் முகாமில் எந்த வயதிலும் இடமில்லை.

எங்கள் வீடு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். இரக்கம் கேட்டு அல்ல, எழுதுகிறவர்கள் எந்த இடத்திலிருந்து எழுதுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. திருச்சியில் பொன்மலைப் பக்கம் குடியிருக்கிறோம். கணவர் சரக்கு ரயில் ஓட்டுகிறார். எப்போது அழைப்பு வரும், எப்போது திரும்புவார் என்று முன்கூட்டித் தெரியாது. வீட்டில் இருக்கும் நாளில் சமையல் அவர்தான், குழந்தைகளைக் குளிக்க வைப்பதும் அவர்தான். இல்லாத நாளில் எல்லாம் நான். மகள் ஐந்தாம் வகுப்பு. மாமியாருக்குப் பார்க்கின்சன் நோய். அந்த மாத்திரைக்கு நேரம் தவறக் கூடாது. தவறினால் கை கால் இறுகி, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் போய்விடும். அதனால் என் நாள் கடிகாரப்படி ஓடுவதில்லை, அவருடைய மாத்திரைப்படி ஓடுகிறது. நடுவில் மகனுக்குக் காய்ச்சல் வரும், மோட்டார் ரிப்பேர் ஆகும், சொந்தத்தில் ஒரு சாவு விழும். எதையும் ஒத்திப்போட முடியாது. ஒத்திப்போட முடிவது எழுத்து மட்டும்தான், அதனால் எப்போதும் அதுதான் தள்ளிப்போகிறது.

இதற்குள்ளும் எழுதுகிறேன். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போது கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துகொள்வேன். ஃபிரிட்ஜ் மேல் ஒரு நோட்டு இருக்கிறது. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது அதில் இரண்டு வரி. உட்கார்ந்து எழுதுவது எல்லோரும் படுத்த பிறகு. ஒரு சிறுகதைத் தொகுப்பு இப்படித்தான் வந்தது.

நாவலுக்கு இது போதவில்லை. சிறுகதை ஒன்றை மனசில் வைத்துக்கொண்டே சமைக்கலாம், துணி மடிக்கலாம். அதன் தொடக்கமும் முடிவும் ஒரே சமயத்தில் கைக்குள் இருக்கும். நாவலில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். யாருக்கு என்ன தெரியும், யார் யாரிடம் எதை மறைத்திருக்கிறார்கள், எந்த மாதம் மழை பெய்தது, எந்த வீட்டில் கைக்குழந்தை என்பதெல்லாம் தலையில் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த வரி வரும். நாலு நாள் விட்டுவிட்டால் அந்த ஆட்களின் குரல் போய்விடும். திரும்பக் கேட்க வேண்டுமானால் முப்பது நாற்பது பக்கம் பின்னால் போய்ப் படிக்க வேண்டும். படித்து முடிக்கும்போது எனக்குக் கிடைத்த ஒரு மணி நேரமும் முடிந்திருக்கும். மறுபடி நாலு நாள் இடைவெளி. தமிழில் பல பெண்கள் நல்ல கவிதைகளும் நல்ல சிறுகதைகளும் எழுதிவிட்டு நாவலில் கால் வைக்காமலே போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர்களில் சிலரிடம் பேசியிருக்கிறேன். எல்லோரிடமும் பாதியில் நின்ற ஒரு கைப்பிரதி இருக்கிறது.

ஆகவே தனிமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தனிமை வேண்டும், உங்களிடம் விண்ணப்பித்ததே அதற்காகத்தான். தொடர்ந்து ஐந்து நாள் யாரும் கூப்பிடாத பகல் கிடைத்தால், பிய்ந்து கிடக்கும் அத்தியாயங்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவேன். எனக்கு வேண்டிய தனிமை பகலில் எட்டு மணி நேரம். நீங்கள் கேட்பதோ 21 நாளுக்குக் குடும்பமே இல்லாத ஒரு ஆள். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடும்பத்திலிருந்து விடுபட்டு வந்தால்தான் முழு எழுத்தாளர் என்பது உண்மையில்லை. நான் எழுதும் நாவல் 1946இல் பொன்மலை ரயில்வே தொழிலாளர் குடியிருப்பில் நடக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். ஆனால் அன்றைக்கு அந்த வரிசை வீடுகளுக்குள் இருந்த பெண்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குச் சொன்னது என் மாமியார். அவருடைய தாத்தா பணிமனையில் வேலை பார்த்தவர். பாட்டி சொல்லி அம்மா கேட்டு, அம்மா சொல்லி இவர் கேட்டது. கதவுக்குப் பின்னால் அம்மிக்கல்லை நகர்த்தி வைத்துவிட்டு, அக்கம்பக்கத்துக் குழந்தைகளையெல்லாம் ஒரே வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். அடுப்பு மூட்டினால் புகை வெளியே தெரியும் என்று பச்சரிசியை ஊற வைத்து வெல்லத்தோடு கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில், அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டவை இவை. எந்த ஆவணக் காப்பகத்திலும் இது கிடைக்காது. நீங்கள் தேர்வு செய்த மூன்று அத்தியாயங்களில் இரண்டு அந்த அரை மணி நேரங்களிலிருந்து வந்தவை. எந்தப் பொறுப்பு என்னைத் தகுதியற்றவளாக ஆக்குகிறது என்று சொன்னீர்களோ, நீங்கள் பாராட்டிய எழுத்து அதற்குள்ளிருந்துதான் வந்தது.

அப்புறம், விடுபட்டு வருகிறவர் எப்படி விடுபட்டு வருகிறார்? முகாமுக்கு வந்துபோன இரண்டு நண்பர்களைக் கேட்டேன். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள், மற்றவருக்கு ஒன்று. 21 நாளும் அவர்கள் மனைவிமார்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருடைய மனைவி அதற்காக வேலைக்கு விடுப்பும் எடுத்திருக்கிறார். அந்த நண்பர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களே அதை நன்றியோடுதான் சொன்னார்கள். ஆனால் உங்கள் விதி அந்த மனைவிமாரின் உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமலே அதன் மேல்தான் நிற்கிறது. மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். 2019இல் அது 299, 97 என்று இருந்தது. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம்தான் குறைந்திருக்கிறது. குழந்தைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு.

இந்த விதி ஆண்களையும் தள்ளுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கவிஞர், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். ஆள் வைத்துவிட்டு வருவார், ஆனால் ஏதாவது ஒன்றென்றால் ஓடிப் போக வேண்டுமே! இடையில் வெளியே போகக் கூடாது என்று பார்த்ததும் விண்ணப்பத்தை நிரப்பாமலே விட்டுவிட்டார். அவர் எழுத்தை முதன்மையாக நினைக்காதவரா?

குழந்தைகள் வந்தால் சத்தம் வரும், மற்றவர்கள் எழுத முடியாது என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கவலைதான். எழுதும் இடத்தில் குழந்தைகள் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வேறு கட்டடத்தில் ஒரு அறையும், பகலில் பார்த்துக்கொள்ள ஒருவரும் இருந்தால் போதும். இது புதிய யோசனையும் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் திருத்தம் வந்தது. அதற்கும் முன்னால், 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலை நடக்கும் இடத்துக்குத் தாய்மாரோடு ஆறு வயதுக்கு உட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும், அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. ஏட்டில் இருந்தபடி எல்லா ஊரிலும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மண் வெட்டுகிற பெண் குழந்தையோடுதான் வருவாள் என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாவல் எழுத வருகிறவளைப் பற்றி இலக்கியம் தெரிந்த உங்களுக்கு அந்த அளவு யோசனை இருந்திருக்க வேண்டும்.

செலவு ஆகும், தெரியும். உங்கள் தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் வந்திருக்கிறேன். மண்டபம், பேனர், பொன்னாடை, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. இரண்டு விழாவில் ஒன்றைச் சுருக்கினாலே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஒரு பெண்ணுக்கு 21 நாள் சம்பளம் கொடுக்கலாம்.

அந்த நிறைவு விழாவில் பேசிய ஒருவர் கவிஞர் சல்மாவைப் பற்றிச் சொன்னார். எங்கள் மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் வீட்டுக்குத் தெரியாமல், எல்லோரும் தூங்கிய பிறகு கழிப்பறையில் ஒளிந்து எழுதியது, எழுதியதை அம்மா ரகசியமாக வெளியே அனுப்பிக் கொடுத்தது, பிறகு 2004இல் நாவல் வந்தது. அரங்கமே கை தட்டியது. நானும் அவரை நினைத்துப் பெருமைப்படுகிறேன். ஆனால் ஒருவர் கழிப்பறையில் நின்று எழுதினார் என்று கை தட்டிவிட்டு, அடுத்து வருகிறவளுக்கு அறை தர விதியில் இடமில்லை என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு அம்மா கிடைத்தார். அவருக்கு முன்னால் வை. மு. கோதைநாயகிக்கு ஒரு தோழி கிடைத்தார். தொடக்கத்தில் தானே எழுதப் பழகியிராத கோதைநாயகி சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற அந்தத் தோழிதான் முதல் நாடகத்தை எழுதிக் கொடுத்தார். அதே கோதைநாயகி 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்ததால் வந்த நாவல்கள் அவை. அந்த ஒருவர் கிடைக்காமல் போன பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது. 1955 முதல் 2024 வரை தமிழுக்குக் கொடுத்த சாகித்திய அகாதெமி விருதுகளில் பெண்கள் வாங்கியவை நான்கு: ராஜம் கிருஷ்ணன், லக்ஷ்மி, திலகவதி, அம்பை. இதற்குக் காரணம் பல இருக்கலாம். எழுதி முடிக்க நேரமும் இடமும் கிடைக்காததும் அவற்றில் ஒன்று. உங்கள் முகாம் கையில் எடுத்திருப்பதே அந்த ஒன்றைத்தான்.

மாதாந்திரக் கூட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு வைக்கிறீர்கள். மறுநாள் பள்ளிக்கூடம், வீட்டில் இரவுச் சமையல், பெரியவர்களுக்கு மருந்து எல்லாம் அந்த நேரத்தில்தான். ஒருமுறை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் தண்ணீர் கேட்டதற்கு, வெளியே கூட்டிப்போகும்படி மேடையிலிருந்து சைகை காட்டினார்கள். அதற்குப் பிறகு நான் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. கதை கேட்கப் பிடித்த பிள்ளை அவள்.

நான் கேட்பவை இவை.

"குடும்பப் பொறுப்புகளிலிருந்து முழுமையாக விடுபட்டு" என்று தொடங்கும் வரியை இந்த ஆண்டு அறிவிப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம். ஒரு வரியை நீக்கப் பணம் தேவையில்லை.

வயது வரம்பை நீக்குங்கள். முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கான முகாம் என்றால், இதுவரை நாவல் வெளியிடாதவர் என்பது ஒன்றே போதும். நாற்பதிலும் ஐம்பதிலும் முதல் நாவலைத் தொடங்கும் பெண்கள் இருக்கிறார்கள், அப்போதுதான் அவர்களுக்குக் கை ஓய்கிறது.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையோடும் பார்த்துக்கொள்ளும் ஒருவரோடும் வர அனுமதி கொடுங்கள். எழுதும் கட்டடத்திலிருந்து தள்ளி அவர்களுக்கு ஓர் அறை ஒதுக்குங்கள். கூட வர ஆள் இல்லாதவர்களுக்கு முகாமே ஒருவரை ஏற்பாடு செய்யட்டும். அதற்காகப் பொதுவில் பணம் திரட்டினால் என்னால் முடிந்ததை நான் தருகிறேன், தருகிறவர்களையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

21 நாளைத் தொடர்ந்து தங்க முடியாதவர்கள் ஏழு ஏழு நாளாக மூன்று முறை வரும் வழியை வையுங்கள். வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்று இடையில் போக வேண்டி வந்தால், போய்விட்டு வந்து தொடரலாம், இடம் பறிபோகாது என்று எழுத்தில் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த அந்தக் கவிஞருக்கு இது ஒன்றே போதும்.

தேர்வுக் குழுவில் வீட்டில் குழந்தையையோ நோயாளியையோ இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் எழுத்தாளர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். மாதாந்திரக் கூட்டத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது காலை நேரத்துக்கு மாற்றுங்கள், பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குப் பின்வரிசையில் இடம் விடுங்கள்.

இந்த ஆண்டுக்கான விண்ணப்பத்தை இந்த மடலோடு அனுப்பியிருக்கிறேன். வயது வரம்புக்குள் எனக்கு இதுதான் கடைசி ஆண்டு. அத்தியாயங்கள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன. படிவத்தில் சிறப்புத் தேவைகள் என்ற கட்டத்தில், மகனோடும் தங்கையோடும் வருவேன் என்று எழுதியிருக்கிறேன். விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முன்பாக, முடியும் அல்லது முடியாது என்று எழுத்தில் பதில் வேண்டும். முடியாது என்றால் காரணத்தைப் பொதுவில் சொல்லுங்கள். எனக்கு மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். விண்ணப்பிக்காமலே விட்டவர்களும் அதைப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
போன ஆண்டு நீங்கள் தேர்வு செய்த ஒரு சிறுகதை எழுத்தாளர்
பொன்மலை, திருச்சி